சுங்கக்காரனுக்குக் காட்டாத கை

பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு பையன்களில் ஒருவன் மற்றவனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தான்.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் மணிமுத்தாற்றங்கரையில் ஒரு சுங்கக்காரன் இருந்தானாம். சட்டிபானை சுமந்து சந்தைக்குப் போகும் பெண்களை வழிமறித்துச் சுங்கம் வாங்குவானாம், கூடவே வம்பும் செய்வானாம். ஒருநாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவனைச் சுற்றி நின்று, கட்டைவிரலைச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நுழைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி முஷ்டி பிடித்துக் காட்டினார்களாம். உன் ஆம்பிளைத்தனம் இவ்வளவுதான் என்று அர்த்தம். அவன் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடியவன்தானாம்.

"அதுலேர்ந்துதான்டா, நம்ம பக்கத்துல ஒரு பொம்பள ஒருத்தனப் பாத்து இதக் காட்டிட்டான்னா அவன் நாண்டுக்கிட்டுச் சாவணும்."

பின் சீட்டில் இருந்த அருளானந்தம் முன்னால் சாய்ந்தார். "தம்பி, அது பொய்ங்க. அப்படி ஒன்னு நடக்கவே இல்ல."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா, மடியில் மஞ்சள் பை.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"விருத்தாசலந்தான்."

"விருத்தாசலத்துக்காரரா இருந்துகிட்டு இது தெரியலியே உங்களுக்கு! எங்க தாத்தாவே சொல்லியிருக்காரு."

தாத்தா சொல்லியிருக்க முடியாது. அந்தக் கதை பிறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. பெற்றவர் அருளானந்தம்.

"நான்தாங்க அத கட்டுனது" என்றார் மெதுவாக.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொன்னவன் தன் நெற்றிப்பொட்டைத் தொட்டு விரலைச் சுழற்றிக் காட்டினான். அந்தச் சைகையின் பொருள் எல்லோருக்கும் தெரியும். அருளானந்தம் சாய்ந்து உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கரும்பு லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது.

அவர் பி.ஏ. வரலாறு படித்தவர். வேலை பார்த்தது பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிற ஒரு சிறு கம்பெனியில், சரக்கு அனுப்பும் கிளார்க்காக. கோவிந்தசாமி என்பவர் முதலாளி. முப்பது நாற்பது பேர் வேலை செய்த இடம். பத்துமணி டீக்கு ஆண்கள் எல்லோரும் சூளைக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடிக்கு வருவார்கள். பெண்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார்ந்துகொள்வார்கள். அந்த வேப்பமரத்தடியில் அருளானந்தத்துக்கு ஒரு பேர் இருந்தது. யார் எந்தப் பழங்கதையை எடுத்தாலும் அவர் உடைத்துவிடுவார்.

பெரிய கோயிலிலிருந்து செஞ்சிக்குச் சுரங்கம் போகிறது என்று யாராவது சொன்னால், "பாத்தவன் யாரு? ஆத்துக்கு அடியில போனா தண்ணி ஒழுகாதா?" என்பார். குளத்துக்கு அடியில் தங்கத்தேர் இருக்கிறது என்றால், "யார் வூட்டுத் தங்கம்? தேர முழுக வைக்கிற அளவுக்கு அவனுக்கு என்ன கோவம்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கதை சொன்னவன் மட்டும் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டு எழுந்துபோவான். அவன் முகத்தை அருளானந்தம் பார்த்ததில்லை. சிரித்தவர்களைத்தான் பார்த்தார்.

மண் அரைக்கும் கொட்டகையில் மூன்று பெரிய இரும்பு உருளைகள் இருந்தன. களிமண்ணையும் வெள்ளைக்கல் தூளையும் தண்ணீரோடும் கூழாங்கற்களோடும் உள்ளே கொட்டி, மூடியைப் போட்டு இறுக்கி, சுவிட்சைப் போட்டால் நாளெல்லாம் சுற்றும். உள்ளே கல் உருளும் சத்தத்தில் காதருகே கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கையால்தான். உருளையின் வாயருகே நிற்பவள் மூடியை இறுக்கியதும் விலகி நின்று, முஷ்டி பிடித்து, கட்டைவிரலை இரண்டு விரலுக்கு நடுவே நுழைத்துக் காட்டுவாள். வாயில் மூடி உட்கார்ந்துவிட்டது, நான் விலகிவிட்டேன் என்று பொருள். கொட்டகையின் மறு கோடியில் சுவிட்ச் பலகையருகே நிற்பவன் உள்ளங்கையை விரித்து உயர்த்துவான். புரிந்தது, போடுகிறேன் என்று பொருள். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். இந்த இரண்டு கையும் இல்லாமல் உருளை சுற்றினால் வாய்க்குள் இருக்கும் கை போய்விடும். யார் தொடங்கிய வழக்கம் என்று யாரும் கேட்டதில்லை. அதில் கதை ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் டீ நேரத்தில் அருளானந்தம் வழக்கம்போல் யாரோ சொன்ன ஒரு கதையை உடைத்து முடித்ததும், சூளையில் சரக்கு அடுக்கும் கொளஞ்சியப்பன் கேட்டார். "எல்லாத்தையும் பொய்யி பொய்யின்னு புடுங்கிப் போட்டுட்டீங்க சார். எங்ககிட்ட மிச்சம் ஒன்னும் இல்ல. நெஜமான கத ஒன்னு நீங்களாவது குடுங்களேன்."

"அவருகிட்ட ஏதுடா கத? அவரு கணக்கு பாக்கற ஆளு" என்றான் இன்னொருவன்.

அந்தச் சிரிப்பு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பியது. அருளானந்தத்துக்குக் காது சூடானது. டீ முடித்து வேலைக்குத் திரும்பிவிட்ட ஒரு பெண் சுவிட்ச் பலகைப் பக்கம் முஷ்டியை உயர்த்துவது கொட்டகை வாசல் வழியே தெரிந்தது. எங்கோ ஒரு பழைய பத்திரிகையில் படித்தது நினைவுக்கு வந்தது. வேறு ஏதோ தேசங்களில் இந்தக் கை கெட்ட கையாம்.

"அந்தக் கை எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ஆற்றங்கரையை வைத்தார். சுங்கக்காரனை வைத்தார். பானைக்காரப் பெண்களை நிறுத்தினார். கடைசி வரியைச் சொன்னபோது கொளஞ்சியப்பன் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எதையும் நம்பாதவர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள். அருளானந்தம் அன்று மத்தியானம் முழுவதும் தனக்குள்ளே சிரித்துக்கொண்டு சரக்குச் சீட்டு எழுதினார்.

அடுத்த வாரம் சுவிட்ச் போடுகிறவன் லீவு. முதலாளி மச்சான் மாயவன் புதிதாக ஃபோர்மேனாக வந்திருந்தார். முன்னால் திட்டக்குடியில் உரக்கடை வைத்திருந்தவர். கொட்டகை வழக்கம் ஒன்றும் தெரியாது. சுவிட்ச் போடத்தானே வேண்டும் என்று பலகையருகே அவரே போய் நின்றார்.

உருளை வாயில் நின்றவள் உபகாரமேரி. மாதா கோயிலில் அருளானந்தத்தின் மனைவி ஆக்னஸுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவள். புருஷன் திருப்பூருக்குப் போனவன், பணம் வரும், ஆள் வரமாட்டான். பெண்கள் தனியாக டீ குடிப்பதால் சுங்கக்காரன் கதை அவள் காதுக்கு வந்திருக்கவில்லை. மூடியை இறுக்கினாள். விலகினாள். மாயவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

கொட்டகைக்குள் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சத்தம் கேட்கவில்லை. மாயவனுக்குப் பல்லும் குலுங்கும் தோளும் மட்டும்தான் தெரிந்தன. அவர் சுவிட்சைப் போடவில்லை. கொளஞ்சியப்பனை வெளியே இழுத்துக்கொண்டு போய், "எதுக்குடா சிரிச்சீங்க?" என்று கேட்டார். கொளஞ்சியப்பன் மழுப்பிப் பார்த்தார். முடியவில்லை. சொல்லிவிட்டார்.

அரை மணி நேரத்தில் உபகாரமேரி முதலாளி அறையில் நின்றாள். கையெல்லாம் வெள்ளை மண். என்ன தப்பு நடந்தது என்றே அவளுக்கு விளங்கவில்லை.

"மூடி போட்டுட்டேன்னு சொன்னேங்க மொதலாளி. எப்பவும் அப்படித்தானே சொல்லுவோம்."

"எப்பவும் சொல்லுவாளாம்!" என்றார் மாயவன். "அதுக்குத்தான் அத்தன பேரும் சிரிச்சானுங்களா? ஒன்னாம் நாளே என்னைய ஆம்பளையே இல்லங்கிறா, மாமா."

கோவிந்தசாமி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அருளானந்தத்திடம் திரும்பினார். "சார், நீங்கதான் ஹிஸ்டரி படிச்சவரு. இந்தக் கைக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்குதா?"

உபகாரமேரியும் அவரைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்துவிட்டது. சாருக்குத் தெரியும், சார் சொல்லிவிடுவார் என்பதுபோல. "சொல்லுங்க சார். உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள்.

அது நான் கட்டிய கதை, முதலாளி. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஆண்பிள்ளைத்தனத்தைக் கேலி செய்து கம்பெனியில் கதை கட்டிவிட்டவர் யார் என்று தெரிந்தால் மாயவன் யார் பக்கம் திரும்புவார் என்பதை அருளானந்தம் யோசித்தார். வேப்பமரத்தடியில் நாளை எப்படிப் போய் உட்காருவது என்பதையும் யோசித்தார். எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"அப்படி ஒரு கதை இருக்குதுங்க."

பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாத வாக்கியம். சொல்லும்போதே அதன் சாமர்த்தியம் அவருக்குத் தெரிந்தது. வாழ்நாள் முழுவதும் அவரைச் சுட்டது அந்தச் சாமர்த்தியம்தான்.

மாயவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கும்படி அவளிடம் சொன்னார் கோவிந்தசாமி. "மூடி போட்டதுக்கா மன்னிப்பு கேக்கணும்?" என்றாள். தொட்டியில் கையைக் கழுவி, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆக்னஸிடம் அன்று சாயங்காலமே சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"ஊர்ல இருக்கற பொய்யெல்லாம் கண்டுபுடிப்பீங்களே. இத போயி சொல்லிட்டு வாங்க."

"காலையில சொல்றேன்."

"இப்பப் போங்க."

காலையில் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மாயவனின் கோபம் ஆறட்டும் என்று இருந்தார். ஒரு வாரம் கழித்து முதலாளி தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார். கோவிந்தசாமி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னிக்குக் கத இருக்குதுன்னீங்க. இன்னிக்கு இல்லைங்கறீங்க. ஒரே கோயிலுக்குப் போறவங்க, பாவம்னு பாக்கறீங்க போலருக்கு. இல்ல வேற எதனாச்சுமா, சார்? எங்கிட்ட சொல்லலாம்."

அருளானந்தம் வெளியே வந்துவிட்டார். ஆனால் அந்த "வேற எதனாச்சுமா" மாயவன் வாய்க்குப் போயிற்று, அங்கிருந்து ஊருக்குப் போயிற்று. உண்மையைச் சொன்னதால் அவளுக்கு இன்னொரு கறை சேர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் வீட்டுக்குப் போனார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, தான் கட்டிய கதை அது என்றார். உபகாரமேரி வாசற்படியில் உட்கார்ந்து சித்தாள் வேலைக்கான பழைய சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். வேறு கம்பெனி எதிலும் அவளை எடுக்கவில்லை. ஊரில் அவளுக்குக் 'கைகாட்டி' என்று பேர் வந்திருந்தது.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

தெரியாதவர்களிடம் சொல்லத் தொடங்கினார் அருளானந்தம். பஸ்ஸில் சொன்னார். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பவர்களிடம் சொன்னார். சலூனில் சொன்னார். சுரங்கத்தையும் தங்கத்தேரையும் எவ்வளவு சுலபமாக உடைத்தார்! தான் கட்டியதை உடைக்க முடியவில்லை. அது ஒவ்வொரு வருஷமும் வளர்ந்தது. சுங்கக்காரனுக்குப் பேர் வந்தது, குதிரை வந்தது. திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கம் ஒருவன் அந்தச் சுங்கச்சாவடிக் கல்லைத் தானே பார்த்ததாகச் சொன்னான்.

ஒரு கல்லூரி மலரில் அன்புச்செல்வன் என்ற இளம் விரிவுரையாளர் அதைக் கட்டுரையாகவே எழுதினார். அருளானந்தம் அவரைத் தேடிப் போனார். விரிவுரையாளர் மரியாதையாக நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

"பொய்யின்னு சொல்ல ஆதாரம் இருக்குதுங்களா ஐயா?"

"நான்தான் ஆதாரம். நான்தான் கட்டுனேன்."

அன்புச்செல்வன் கனிவாகச் சிரித்தார். "வாய்மொழிக் கதைங்கன்னா இப்படித்தாங்க ஐயா. நல்லா சொல்லுற ஒவ்வொருத்தருக்கும் தானே கட்டுன மாதிரி தோணும்."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

கம்பெனியில் அதன்பின் பெண்கள் யாரும் அந்தக் கையைக் காட்டவில்லை. மூடி போட்டதும் அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, சுவிட்ச் பலகை வரை நடந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் நடப்பதை அருளானந்தம் ஜன்னல் வழியே தினமும் பார்த்தார். ஆக்னஸ் அவரைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வரிசையை விட்டு இரண்டு வரிசை பின்னால் போய் உபகாரமேரி பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். மற்ற பெண்கள் அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார்கள். அந்த இடைவெளியில் ஆக்னஸ் உட்கார்ந்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அருளானந்தத்துக்கு அது தெரியும்.

இரண்டாயிரத்து எட்டில், மழை முடிந்த கையோடு, ஆக்னஸ் காய்ச்சலில் போய்விட்டாள்.

அடக்கத்தன்று தெருவே நின்றது. பேண்டு செட்டும் மேளமும் ஒரே நேரத்தில் முழங்கின. குறுகலான தெருவில் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. அருளானந்தம் தெருமுனையில் வண்டியருகே பங்குச் சாமியாரோடு நின்றார். வீட்டுக்குள் பெண்கள் கடைசி முறை பார்த்து முடித்து, பெட்டியை மூடியபிறகு தூக்குகிறவர்களுக்கு அவர்தான் சொல்ல வேண்டும். தூக்குகிறவர்கள் வாசலில் தோள் துண்டோடு அவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள். மூடியாயிற்றா என்று அவருக்குத் தெரியவில்லை. கத்திப் பார்த்தார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

வாசலில் உபகாரமேரி வந்து நின்றாள். காலையிலிருந்து உள்ளே இருந்தவள், ஆக்னஸைக் குளிப்பாட்டியதும் அவள்தான். அவர் வாய் அசைவதைப் பார்த்தாள். தயங்கியதாகத் தெரியவில்லை. கையை உயர்த்தி, முஷ்டி பிடித்து, கட்டைவிரலை நுழைத்துக் காட்டினாள். மூடி போட்டாயிற்று.

மேளக்காரர்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். இரண்டு மூன்று பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அருளானந்தத்தின் கை எழவில்லை. தெரு முழுவதும் பார்க்கிறது. பதில் கை காட்டினால் அவளோடு சேர்ந்துவிடுவோம் என்று, அந்த நேரத்தில்கூட, மனைவியின் பெட்டி உள்ளே இருக்கையில்கூட, ஒரு கணம் நினைத்தார். அவள் காத்திருந்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அப்போதுதான் அவர் உள்ளங்கையை விரித்து உயர்த்தினார். தூக்குகிறவர்கள் அதைப் பார்த்து உள்ளே போனார்கள். அவள் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குத் தெருக்காரர்களும் கோயில்காரர்களும் அவர் வீட்டில் கூடினார்கள். ஜெபம் முடிந்து காப்பி கொடுக்கும்போது கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஜூடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சாரு கையத் தூக்கி ஆக்னஸம்மாவுக்கு வழியனுப்பி வெச்சாரே, அத என்னால மறக்கவே முடியல. எங்க வூட்டுல அன்னிக்கெல்லாம் சாப்பிடல."

"பேரப்புள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி இருந்துச்சுங்க" என்றார் ஒருவர்.

ஜூடுவின் மனைவி அன்புக்கரசி காப்பித் தட்டோடு நின்றாள். "அந்த நேரத்துல அந்தக் கைகாட்டி பண்ணத பாத்தீங்களா? சாவு வூட்டுல, சாரப் பாத்தே! ஆக்னஸம்மா அவள எப்படியெல்லாம் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க!"

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அருளானந்தம் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். மேலே ஆக்னஸின் படத்துக்குப் புது மாலை. ஒரு நல்ல கதை அவர் பேரில் அந்த அறையிலேயே பிறந்து நின்றது. மனைவிக்குக் கை அசைத்து விடைகொடுத்த புருஷன். சும்மா இருந்தால் போதும். அதுவும் வளரும்.

"நான் ஆக்னஸுக்குக் கை காட்டலீங்க" என்றார்.

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"உபகாரத்துக்குக் காட்டுனேன். பொட்டி மூடியாச்சான்னு கேட்டேன், சத்தத்துல கேக்கல. மூடியாச்சுன்னு அவங்க கொட்டகைக் கையில சொன்னாங்க. புரிஞ்சுதுன்னு நான் கையத் தூக்கணும். தூக்கல. வெக்கப்பட்டுக்கிட்டு நின்னேன். அவங்க உள்ள போனப்பறம் தூக்குனேன். அதத்தான் நீங்க பாத்தீங்க."

யாரும் காப்பி குடிக்கவில்லை. ஜூடுவின் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. தன் கையிலிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல. வேப்பமரத்தடியில் இந்த முகங்களை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"அப்ப அந்த சுங்கக்காரன்?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"இல்லம்மா."

"ஆத்தங்கரையில பொம்பளைங்க?"

"இல்ல. எல்லாம் நான் டீ குடிக்கற நேரத்துல கட்டுனது. மொதலாளி கேட்டப்ப, அப்படி ஒரு கத இருக்குதுன்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையிலதான் அவங்க வேல போச்சு."

எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரிடம் இதையே சொன்னவர்தான். ஒருவரும் நம்பியதில்லை. அன்று அந்த அறையில் எல்லோரும் நம்பினார்கள். தன்னைப் பற்றிய நல்லதையே இல்லை என்கிறவன் எதற்குப் பொய் சொல்லப்போகிறான் என்று நினைத்திருக்கலாம். அன்புக்கரசி தட்டைக் கீழே வைத்தாள்.

"இத அன்னிக்கே அங்க சொல்லியிருந்தா சார்?" என்றாள்.

அவர் தன் உள்ளங்கையை முழங்காலில் கவிழ்த்து வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அருளானந்தம் முன்னதாகவே போய்த் தூண் பக்கத்தில் உட்கார்ந்தார். பெண்கள் பக்கத்தில் உபகாரமேரி தன் வரிசையில் தனியாக இருந்தாள். ஆக்னஸின் இடம் காலியாகக் கிடந்தது. முதல் பாட்டு தொடங்கியபோது அன்புக்கரசி முன் வரிசையிலிருந்து எழுந்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பின்னால் நடந்து வந்தாள். உபகாரமேரி பக்கத்தில் நின்று ஏதோ கேட்டாள். உபகாரமேரி முந்தானையை இழுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

அருளானந்தம் அதைப் பார்த்தார். எல்லோரும் பாட எழுந்தபோது அவரும் எழுந்தார். பூசை முடியும் வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.